நேர்முகப் பரீட்சை: எங்கள் ஆட்கள் ஆயத்தமான கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் அரச வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளை இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். இன்றைய பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் வர்த்தமானியில் அறிவித்தல் வந்த அன்று அதே பிள்ளைகள்தான் விண்ணப்பப் படிவத்தோடு ஓடுகிறார்கள். எழுத்துச் சோதனை எழுதித் தேறுகிறார்கள். பிறகு ஒரு கடிதம் வருகிறது: இன்ன திகதி, இன்ன நேரம், சான்றிதழ்களின் மூலப் பிரதிகளுடன் நேர்முகப் பரீட்சைக்குச் சமுகமளிக்கவும்.

கடிதம் வந்தால் வீடு பரபரப்பாகிவிடும். ஃபைல் வாங்குவது, சேட்டுக்கு அயன் போடுவது, "உள்ளுக்க ஆரையும் தெரியுமோ" என்று விசாரிப்பது. கடைசி வேலைக்குத்தான் கூடுதலான நேரம் போகிறது. ஆசிரியர்களாகிய எங்களிடமும் வருவார்கள். "என்ன கேப்பினம் சேர்?" என்பார்கள். போவதற்கு மூன்று நாள் இருக்கும்.

கரம்பொன்னில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. தீவகத்துப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலிருந்து ஒரு ஆசிரியர் நியமனம் பெற்று வந்தால், வந்த நாளிலேயே மாற்றலுக்கு நாள் எண்ணுவதை நாங்கள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டோம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பஸ்ஸும் படகும் பார்த்து வரவேண்டிய இடம். இந்த மண்ணின் பிள்ளை தேறினால் வேலைக்கு ஆள் கிடைப்பது மட்டும் இல்லை, வகுப்பறையில் தங்குகிற ஆளும் கிடைக்கும். ஆகவே ஒரு பிள்ளை நேர்முகப் பரீட்சைக்குப் போவது அந்த ஒரு வீட்டின் பாடு மட்டும் என்று இருந்துவிட முடியாது.

இந்த அறைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் எப்படியெல்லாம் வரிசையில் நின்றார்கள், யார் உள்ளே போனார்கள், யார் வெளியிலேயே நின்றார்கள் என்ற கதை நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்டது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

*

முதலில் அந்த வாசல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிரித்தானியாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அரச வேலை என்பது வேண்டியவர்களுக்குக் கொடுக்கப்படும் ஒன்றாகவே இருந்தது. பிரபு ஒருவர் சொன்னால் அவருடைய மருமகன் உள்ளே. இதை மாற்றி, திறந்த போட்டிப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கவேண்டும் என்று 1854இல் நோர்த்கோட், ட்ரெவெலியன் இருவரும் அறிக்கை கொடுத்தார்கள். இந்திய சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சை 1855இல் லண்டனில் தொடங்கியது.

இலங்கையில் அதற்கு முன்னரே, 1833இல், கோல்புறூக், கமெரன் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி சிவில் சேவையின் கதவு சுதேசிகளுக்கும் திறந்தது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். திறந்தது உண்மை. திறப்பு ஆங்கிலம் என்பதும் உண்மை. போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை சிவில் சேவைக்குள் போன முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். ஆண்டு 1875. அவர் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் படித்தவர். அவருடைய தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவர், சட்டசபையில் இருந்தவர்.

அருணாசலத்தின் திறமையில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் அந்த வாசலில் போய் நின்றபோது, இப்படியான வாசல்களுக்குள் ஏற்கெனவே போய்வந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். சோதனைத் தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். கப்பல் கட்டணமும் வழி சொல்ல ஆளும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

*

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். ஊர்காவற்றுறையிலிருந்து கடலுக்கு அப்பால் காரைநகர், அதைத் தாண்டினால் வட்டுக்கோட்டை. அங்கே அமெரிக்க மிஷனரிமார் 1823இல் ஒரு செமினறியைத் தொடங்கினார்கள். ஆங்கிலம், கணிதம், வானியல், தமிழ் எல்லாம் உயர்ந்த தரத்தில் படிப்பித்தார்கள். நோக்கம் மதப் போதகர்களை உருவாக்குவது. பிள்ளைகளும் பெற்றோரும் கண்ட நோக்கம் வேறு. படித்து முடித்தவர்கள் அரசாங்கத்திலும் மற்ற இடங்களிலும் நல்ல உத்தியோகத்துக்குப் போனார்கள். ஆங்கிலப் படிப்பு உத்தியோகத்துக்கு ஏணியாகிவிட்டது, மிஷன் வேலைக்கு உதவவில்லை என்ற கவலை மிஷன் மேலிடத்துக்கு வந்தது. 1855இல் செமினறி மூடப்பட்டது.

ஆனால் ஏணியைக் கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதலாகக் கொடுத்த பி.ஏ. பட்டத்தைப் பெற்ற இருவரும் இந்தச் செமினறியில் படித்த யாழ்ப்பாணத்தவர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. செமினறியின் இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. 1880இலிருந்து கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடந்தன. ஜூனியர் கேம்பிரிட்ஜ், சீனியர் கேம்பிரிட்ஜ், பிறகு கிளறிக்கல் சோதனை. எங்கள் பாட்டன்மார் காலத்தில் ஒரு மாப்பிள்ளையின் தகுதியைச் சொல்ல இந்த மூன்று சொற்களும் போதும்.

பிறகு மலாயா. அங்கே முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போடப்பட்டது. ரயில் வந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், தந்தி அடிக்க ஆள் வேண்டும். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பையன்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய நேர்முகப் பரீட்சை எப்படி நடந்தது? பெரும்பாலும் கப்பல் ஏறமுதலே முடிந்துவிட்டது. முதல் போனவர் தம்பிக்கு எழுதினார், தம்பி மச்சானுக்கு எழுதினார். எந்தத் துரைக்கு எந்தக் கையெழுத்துப் பிடிக்கும், எந்தக் கந்தோரில் இடம் இருக்கிறது, என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் கடிதத்தில் வந்தது. வந்து இறங்கியவர் தமையன் வீட்டில் தங்கி, தமையனின் கோட்டைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார். யாழ்ப்பாணத்துக்கு மணியோடர் வரத் தொடங்கியது. மலாயன் பென்சனியர் என்று ஒரு சாதியே உருவானதுபோல ஊருக்கு ஊர் அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

தீவகத்துக்கு இன்னொரு வழியும் இருந்தது. கடை. கொழும்பிலும் தெற்கில் பல பட்டினங்களிலும் தீவார் கடை வைத்திருந்தார்கள். பையனுக்குப் பதினாலு, பதினைந்து வயதானால் சொந்தக்காரர் கடைக்கு அனுப்பினார்கள். அங்கே நேர்முகப் பரீட்சை கிடையாது. முதலாளிக்குப் பையனின் பேரனைத் தெரியும், அதுவே சான்றிதழ். 1958, 1977, 1983 என்று கலவரங்கள் வந்து அந்தக் கடைகளில் எத்தனையோ எரிந்தன. கடையோடு சேர்ந்து, சான்றிதழ் கேட்காத அந்த வாசலும் போனது.

*

இவ்வளவும் உள்ளே போனவர்களின் கதை. வரிசையிலேயே நிற்க விடப்படாதவர்களும் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இது வரலாறு ஆகாது.

யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து வாங்கில் சமமாக இருக்கவே உரிமை இருக்கவில்லை. நிலத்தில் இருந்து படிக்கச் சொன்னார்கள். 1920களின் கடைசியில் உதவி நன்கொடை பெறும் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று அரசு சொன்னபோது எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். பள்ளிக்கூடங்கள் எரிந்தன. வாங்கில் இருக்க விடாத பிள்ளை எந்த நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாவது?

முஸ்லிம்களின் கதை வேறு. வியாபாரம் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்ற பயமும் இருந்தது. பயத்தில் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் விலை பெரிது. கண்டியில் சித்திலெப்பை இதை விளங்கிக்கொண்டு 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, சொந்தப் பள்ளிக்கூடம் கட்டுங்கள், நவீன கல்வி படியுங்கள் என்று எழுதி எழுதிக் களைத்தார். 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிறா உருவானது. இருந்தும், அருணாசலம் சிவில் சேவைக்குள் போய் அறுபது வருடம் கழித்துத்தான் அதே சேவைக்குள் முதல் முஸ்லிம் போனார். அவர் எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911 ஒக்டோபர் 4இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். தந்தை அபூபக்கர் சட்டத்துறையில் இருந்தவர். குர்ஆன் மதரசாவில் தொடங்கி, வண்ணார்பண்ணை வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் படித்து, பிறகு யாழ் இந்துக் கல்லூரிக்குப் போனார். இதை எங்கள் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். நாட்டின் முதல் முஸ்லிம் சிவில் சேவையாளரை உருவாக்கியதில் யாழ்ப்பாணத்துச் சைவப் பள்ளிக்கூடங்களுக்குப் பங்கு உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்து 1933இல் லண்டன் பி.ஏ. சிறப்புப் பட்டம் பெற்றார். அரச புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1935இல் சிவில் சேவைக்குத் தெரிவானார்.

அவர் என்ன உடுத்துக்கொண்டு போனார், என்ன கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று எழுதுவதற்கு இது கற்பனைக் கதை இல்லை. எங்களுக்கு முக்கியமானது அதற்குப் பிறகு அவர் செய்தது. உள்ளே போனவர் பலர், போனபின் கதவைச் சாத்திவிட்டு இருந்துகொள்வார்கள். அஸீஸ் அப்படி இருக்கவில்லை. யுத்த காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். வேலை, உணவு உற்பத்தி. அங்கே முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்ணால் கண்டார். அதே வருடம் கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1945இல் அதை நாடு முழுவதுக்கும் விரித்து இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கிவைத்தார். கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாமல் படிப்பை விடக்கூடாது என்பதே அதன் கருத்து.

1948இல் சிவில் சேவையையே விட்டு விலகி ஸாஹிறாக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். நாட்டில் ஆகப் பெரிய உத்தியோகம் என்று எல்லோரும் வாய்பார்த்த பதவியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன மனிதர். 1961 வரை அங்கே இருந்தார். செனற் சபையிலும் இருந்தார். 1963இல் அரசாங்க சேவை ஆணைக்குழுவில் உறுப்பினரானார். ஆள் எடுக்கும் மேசைக்கு முன்னால் ஒருகாலத்தில் இருந்தவர், மேசைக்குப் பின்னாலும் வந்து இருந்தார். 1973 நவம்பரில் மௌத்தானார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

அருணாசலத்துக்கு வீட்டில் ஒரு மாமன் இருந்தார். மலாயாவுக்குப் போன தம்பிக்குத் தமையன் இருந்தார். மாமனும் தமையனும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் ஒரு நிதியத்தையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் வைத்தவர் அஸீஸ். இதுதான் இந்தக் கதையின் நடு.

*

கரம்பொன்னின் பெயர் வந்தால் தனிநாயகம் அடிகளைச் சொல்லாமல் போகமுடியாது. 1913 ஓகஸ்ட் 2இல் இந்த ஊரில் பிறந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். கொழும்பிலும் ரோமிலும் குருத்துவப் படிப்பு. ஐரோப்பிய மொழிகள் பல கைவந்தன. தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கியது எப்போது தெரியுமா? குருவானபின், 1940களில், திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது. முப்பதை நெருங்கிய வயதில் ஒரு பண்டிதரிடம் இருந்து அடியிலிருந்து தமிழ் படித்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவனாகவே போனார்.

அந்தக் காலத்து ஆங்கிலக் கல்வி தமிழ்ப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு இது சாட்சி. அதே நேரம், ஆயத்தம் என்றால் என்ன என்பதற்கும் இது சாட்சி. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர், 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைத் தலைவர், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் பின்னால் நின்றவர். இந்தப் பதவிகளுக்கு யாரும் மூன்று நாளில் ஆயத்தமாகவில்லை. தனக்கு எது குறைகிறது என்று தெரிந்த அன்று, வயதைப் பார்க்காமல் போய்க் கீழே இருந்து படித்ததுதான் அந்த ஆயத்தம்.

*

இனி வருவது கசப்பான பகுதி. 1956இல் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் வந்தது. சிங்களம் மட்டும். அதுவரை வாசலின் திறப்பு ஆங்கிலமாக இருந்தது. இப்போது பூட்டையே மாற்றினார்கள். வெளியில் நின்றவர்களுக்கு மட்டும் இல்லை, ஏற்கெனவே உள்ளே போயிருந்தவர்களுக்கும் சேர்த்து.

எழுதுவினைஞர் சேவையில் இருந்த கோடீஸ்வரன் என்ற தமிழர் கேகாலைக் கச்சேரியில் வேலை செய்தார். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறினால்தான் சம்பள உயர்வு என்று திறைசேரிச் சுற்றறிக்கை வந்தது. அவர் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை. 1962இல் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. அந்தச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்றார் நீதிபதி டி கிறெற்சர். 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1969 டிசம்பரில் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லி, சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திரும்ப இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அந்தக் கேள்வி ஒருபோதும் விசாரிக்கப்படவில்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது, 29ஆம் பிரிவே இல்லாமல் போனது.

ஒரு எழுதுவினைஞர். ஒரு சம்பள உயர்வு. அதற்காக ஏழெட்டு வருடம் நீதிமன்றப் படி ஏறினார். நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் இவருடைய பெயரைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

அந்த 1972 அரசியலமைப்பு இன்னொன்றும் செய்தது. சுதந்திரமாக இருந்த அரசாங்க சேவை ஆணைக்குழுவை நீக்கி, நியமன அதிகாரத்தை அமைச்சரவையின் கையில் கொடுத்தது. துண்டுக் கடிதத்துக்கு மவுசு வந்த காலம் அது. அரசாங்கம் மாறியபின் வேலை வங்கி என்று வந்தது, விண்ணப்பப் படிவத்தையே நாடாளுமன்ற உறுப்பினர் கையால் வாங்கும் நிலை. பலருக்கு நேர்முகப் பரீட்சை ஒரு சடங்காகிப் போனது.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்று எண்ணவேண்டாம். தெற்கில் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ'. வாள் என்று அர்த்தம். பட்டம் பெற்றுவிட்டு நேர்முகப் பரீட்சைக்குப் போனால், அங்கே ஆங்கிலத்தால் வெட்டி விழுத்துகிறார்கள் என்ற கோபம் அந்தச் சொல்லில் இருக்கிறது. தெற்கில் இளைஞர் கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தபின், 1990இல் இளைஞர்கள் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு அறிக்கை கொடுத்தது. இளைஞர் அமைதியின்மைக்கு முக்கிய காரணங்களில் ஒன்று அரசியல்மயமாக்கமும் அதிகாரத் துஷ்பிரயோகமும் என்று அது எழுதியது. ஒரு அறைக்குள் நடக்கும் அநீதி அந்த அறையோடு நிற்பதில்லை. ஒரு தலைமுறையையே தெருவுக்குக் கொண்டுவந்துவிடும்.

இந்தியாவும் இதைக் கண்டது. மத்திய அரசின் கீழ்மட்டப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வே வேண்டாம், அது லஞ்சத்துக்கு வழி என்று சொல்லி 2016 ஜனவரியிலிருந்து நீக்கினார்கள். உயர் பதவிகளுக்கு இன்னும் இருக்கிறது. ஐ.ஏ.எஸ். தெரிவில் மொத்தம் 2025 புள்ளியில் 275 புள்ளி நேர்முகத்துக்கு.

*

1990 என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது வேறு. அந்த வருடம் தீவகம் யுத்தத்தில் காலியானது. உடுத்த உடுப்போடு கரம்பொன்னை விட்டுப் போனவர்கள் இதை வாசிப்பவர்களில் இருக்கிறீர்கள். அதே வருடம் ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலிருந்தும் வெளியேற்றம். இரண்டு சனமும் இழந்தவற்றில் வீடும் நகையும் கணக்கில் வந்தன. கடதாசி கணக்கில் வரவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம், சோதனைப் பெறுபேறு. வருடங்கள் கழித்து ஒரு நேர்முகப் பரீட்சை மேசையில் "மூலப் பிரதி எங்கே?" என்று கேட்டபோதுதான் அந்த இழப்பின் கனம் தெரிந்தது. அடுத்த தலைமுறையிலும் அது தொடர்ந்தது. பெயரில் ஒரு எழுத்து மாறினால், தகப்பனின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் இருந்தால், பிள்ளை வாசலில் நின்றுவிடும்.

*

இவ்வளவு பழங்கதையும் எதற்கு? இன்று என்ன செய்யலாம் என்பதற்கு.

முதலாவது, மொழி. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் வந்தது. அரசாங்க சேவைக்குச் சேர்வதற்கான எந்தப் பரீட்சையிலும் சிங்களத்திலோ தமிழிலோ தான் விரும்பும் மொழியிலோ பரீட்சிக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சேர்ந்தபின் மற்ற மொழியை நியாயமான காலத்துக்குள் படிக்கச் சொல்லலாம் என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. கோடீஸ்வரனுக்குக் கிடைக்காதது இன்று எழுத்தில் உண்டு. ஆகவே பிள்ளைகளே, தமிழில் பதில் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அதேநேரம் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமைக்காக நின்றவரை மதிப்பதும் இன்னொரு மொழியைப் படிப்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. தனிநாயகம் அடிகளைப் பாருங்கள்.

இரண்டாவது, கடதாசி. கடிதம் வந்தபின் தேடவேண்டாம். இந்த மாதமே எல்லாப் பத்திரங்களையும் எடுத்து ஒரு மேசையில் பரப்புங்கள். பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் செல்லலாம். சோதனைப் பெறுபேறு தொலைந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் சான்றிதழ் எடுக்கலாம். வர்த்தமானி அறிவித்தலைக் கடைசி வரி வரை வாசியுங்கள். நேர்முகப் பரீட்சையிலும் வகை உண்டு. சிலவற்றில் தகைமையையும் பத்திரங்களையும் மட்டும் சரிபார்ப்பார்கள், புள்ளி இல்லை. சிலவற்றில் எதற்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே திட்டம் இருக்கும்: மேலதிகத் தகைமை, அனுபவம், மொழி, கணினி அறிவு என்று. எந்த வகை என்று தெரியாமல் போவது, பாடத்திட்டம் தெரியாமல் சோதனைக்குப் போவது மாதிரி.

மூன்றாவதுதான் பெரியது. உள்ளே போய்வந்த ஆள்.

"ஆரையும் தெரியுமோ" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. அது பழைய கேள்வி, அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. சிபாரிசுக்கு ஆள் தேடுவதுதான் பிழை. வழிகாட்ட ஆள் தேடுவது எங்கள் பரம்பரை செய்த வேலை. அறைக்குள் நடப்பது பத்துப் பதினைந்து நிமிடம். முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் கதிரையில் இருந்து, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று மரியாதையாகச் சொல்லும் பழக்கம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வராது. எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பெரியவர்களுக்கு முன்னால் கதிரையில் இருந்து பேசியதே இல்லை. வீட்டிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. கெட்டித்தனம் இருந்தும் குரல் வெளியே வராமல் திரும்பி வருகிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. ஒருமுறைகூடப் பழக்காமல் அனுப்பினோம்.

கரம்பொன்னிலும் சுற்றுவட்டத்திலும் ஓய்வுபெற்ற அதிபர்கள், கிராம அலுவலர்கள், வங்கியில் இருந்தவர்கள், கச்சேரியில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். அண்மையில் தேறி வேலைக்குப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் என்ன கேட்டார்கள் என்பது புதிதாக ஞாபகம் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, வாசிகசாலையிலோ பள்ளிக்கூட மண்டபத்திலோ ஒரு மேசை, நாலு கதிரை. மூன்று பேர் மேசைக்குப் பின்னால், ஒரு பிள்ளை முன்னால். கதவைத் தட்டி உள்ளே வருவதிலிருந்து நன்றி சொல்லி எழும்புவது வரை. பிறகு பத்து நிமிடம், எங்கே பிழைத்தது என்று அன்பாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பயிற்சி நிலையங்கள் மாதிரி நேர்முகத் தேர்வு என்று இதைத்தான் செய்கின்றன. எங்களுக்கு அதற்குக் கட்டடமும் வேண்டாம், காசும் வேண்டாம். பெண்பிள்ளைகள் கட்டாயம் வரவேண்டும். எந்தச் சமூகத்துப் பிள்ளையும் ஒரே கதிரையில் இருக்கவேண்டும். சம ஆசனத்துக்கு நாங்கள் கொடுக்கவேண்டிய பழைய கடன் ஒன்று இன்னும் இருக்கிறது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஊர் உறவுகளே, கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நீங்கள் அனுப்புவதை நாங்கள் மறக்கவில்லை. ஆங்கிலத்தில் அரை மணித்தியாலம் ஒரு பிள்ளையோடு வட்ஸ்அப்பில் பேசிப் பழக்குவதற்கும் உங்களால் முடியும். மலாயாவிலிருந்து தமையன் எழுதிய கடிதத்தின் இன்றைய வடிவம் அதுதான்.

இருத்திக் கேள்வி கேட்க விருப்பமுள்ள பெரியவர்களும், வந்து பழக விருப்பமுள்ள பிள்ளைகளும் எங்களுக்கு அறியத் தாருங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து நேரிலும் சொல்லலாம். முதலாவது ஞாயிறுக்கு மேசையையும் கதிரைகளையும் நாங்கள் போடுகிறோம்.